மாசி, பங்குனி: காற்றை எழுதி வைப்போம்



இரண்டு கிழமைக்கு முன் பல்லாரோ சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர் அக்கா ஒருவர் என்னைக் கண்டதும் கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நீர் மழை வெயில் எழுதி வைக்கிற ஆள்தானே? இந்தப் பங்குனியில எந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போறது எண்டு ஒருக்காச் சொல்லுமன். நேற்று வேர்த்து வழிஞ்சுது. இண்டைக்குக் குளிரில பல்லுக் கிட்டுது."

"அக்கா, அதுக்கு ஒரு சொல்லில மறுமொழி இல்லை. ரேடியோவில சொல்லுறன், கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைய பேச்சு அந்த அக்காவுக்கான மறுமொழி. உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்று நினைக்கிறேன்.

இத்தாலியர்களே மார்ச் மாதத்தைக் கிறுக்கு மாதம் என்றுதான் சொல்வார்கள். வெயிலைப் பார், ஆனால் குடையையும் எடு என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்போம். பங்குனி பிறந்தால் வெயில் ஏறும். ஊரில் மாதத்தின் பெயரைச் சொன்னாலே வானிலை பாதி தெரிந்துவிடும். பலெர்மோவில் மாதத்தின் பெயர் போதாது. ஒவ்வொரு நாளையும் தனியாகப் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதியும் வைக்க வேண்டும். ஏன் எழுத வேண்டும் என்பதற்கு இந்த நகரத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

பல்லாரோவிலிருந்து மேலே நடந்தால் சில நிமிடத்தில் நோர்மன் அரண்மனை வந்துவிடும். பொலிஸ் அலுவலகத்துக்கோ, ஆஸ்பத்திரிக்கோ போகும்போது நாங்கள் எத்தனையோ தரம் கடந்து போன கட்டடம். அதன் கோபுரம் ஒன்றின் உச்சியில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. 1790ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதை அமைத்து நடத்தியவர் ஜூசெப்பே பியாற்சி என்ற கத்தோலிக்கத் துறவி. வட இத்தாலியில் 1746இல் பிறந்தவர். 1801 ஜனவரி 1ஆம் திகதி இரவு, அந்தக் கோபுரத்தில் இருந்து அவர் ஒரு புதிய வான்பொருளைக் கண்டார். அதுதான் செரிஸ். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் சிறுகோள்களில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அது.

அந்தக் கதையிலும் வானிலைக்குப் பங்கு உண்டு. ஜனவரியும் பெப்ரவரியும் பலெர்மோவில் முகில் நிறைந்த மாதங்கள். முகில் இல்லாத இரவுகளில் மட்டும்தான் பியாற்சியால் பார்க்க முடிந்தது. பெப்ரவரி 11வரை 24 தரம் பார்த்து இடத்தைக் குறித்தார். பிறகு சுகவீனமாகிவிட்டார். அவர் எழுதி வைத்த அந்தச் சில இலக்கங்களை வைத்துத்தான் கவுஸ் என்ற ஜேர்மன் கணித மேதை கணக்குப் போட்டார். அந்த வருடக் கடைசியிலேயே செரிஸ் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது. பார்த்ததை எழுதாமல் விட்டிருந்தால் கண்டது தொலைந்து போயிருக்கும்.

நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு வானிலைக் குறிப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நட்சத்திரத்தில் இருந்து வரும் ஒளி எங்கள் காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது சற்று வளைகிறது. எவ்வளவு வளைகிறது என்பது காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. ஆகவே நட்சத்திரத்தின் சரியான இடத்தைக் கணக்கிட வேண்டுமானால், பக்கத்தில் பாரமானியும் வெப்பமானியும் வேண்டும். இப்படித்தான் 1791ஆம் ஆண்டிலிருந்து பலெர்மோ வானாய்வகத்தில் வானிலைக் குறிப்பு எழுதும் வழக்கம் தொடங்கியது. இருநூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

எங்கள் தமிழ்ப் பக்கத்திலும் ஏறத்தாழ இதே காலத்தில் இதே வேலை நடந்தது. சென்னையில், அந்த நாளில் மதராஸ் என்று சொல்லப்பட்ட நகரத்தில், 1792இல் ஒரு வானாய்வகம் கட்டப்பட்டது. 1796இலிருந்து அங்கே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் வானிலை நிலைய வளவில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். ஆகவே வானத்தைப் பார்த்து எழுதி வைப்பது எங்களுக்கும் பழைய தொழில்தான்.

இந்த நீண்ட குறிப்பால் என்ன பயன்? 2023 யூலை 24ஆம் திகதி பலெர்மோ வானாய்வகத்தின் கருவி 47 பாகை செல்சியஸ் காட்டியது. அந்த நாள் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். நகரைச் சுற்றியுள்ள மலைகளில் நெருப்பு எரிந்தது. அடுத்த நாள் காலையில் விமான நிலையத்தையும் சில மணித்தியாலம் மூடினார்கள். 1791இலிருந்து எழுதிய குறிப்பில் இவ்வளவு வெப்பம் இருந்ததில்லை என்று அறிவித்தார்கள். வயது போன ஒருவர் "என் வாழ்நாளில் இப்படி ஒரு வெக்கை கண்டதில்லை" என்று சொன்னால், அது அவருடைய நினைவு. இருநூற்று முப்பது வருடக் குறிப்பு அதைச் சொன்னால், மறுக்க முடியாத சாட்சி.

இனி எங்கள் அக்காவின் கேள்விக்கு வருகிறேன். நேற்று வேர்த்தது, இன்று நடுங்குகிறது. ஏன்?

பலெர்மோ இருக்கும் இடத்தை மனதில் வையுங்கள். முன்னால் வடகிழக்குப் பக்கம் கடல். பின்னால் தெற்கும் மேற்கும் அரைவட்டமாக மலைகள். ஒரு கரையில் பெல்லெக்ரீனோ மலை தனியாக எழும்பி நிற்கிறது. மாசி, பங்குனியில் கடல்தான் மிகக் குளிர். வருடத்திலேயே கடல்நீர் ஆகக் குளிர்ந்திருக்கும் காலம் இது, 14, 15 பாகை அளவில். ஆகவே கடலில் இருந்து காற்று வந்தால் பகல் வெப்பம் 16, 17 பாகைக்கு மேல் போகாது. இரவில் 10 பாகைக்கு அண்மையில் இறங்கும். இது சாதாரணப் பங்குனி நாள். ஒரு மேலுடுப்புப் போதும்.

இரண்டாவது வகை நாள் சிரோக்கோ நாள். சிரோக்கோ என்பது தென்கிழக்கில் இருந்து, ஆபிரிக்காவின் சகாராப் பாலைவனப் பக்கம் இருந்து வரும் காற்று. அது கடலைத் தாண்டி சிசிலியின் தென்கரையை அடையும்போது ஈரமாக, புழுக்கமாக இருக்கும். பிறகு தீவின் நடுவில் உள்ள மலைகளில் ஏறுகிறது. ஏறும்போது ஈரத்தில் ஒரு பங்கை இழக்கிறது. மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது அமுக்கப்பட்டுச் சூடாகிறது. 100 மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 1 பாகை ஏறும். அதனால்தான் தென்கரையில் இருப்பவர்களைவிட பலெர்மோக்காரருக்குச் சிரோக்கோ கூடுதல் சூடாகவும் வறட்சியாகவும் வருகிறது. மார்ச் மாதத்திலேயே பகல் வெப்பம் 25 பாகையைத் தாண்டும். சில வருடங்களில் 30ஐயும் தொடும்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து நேயர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர்களுடைய கச்சான் காற்று இதே விதிப்படி வீசுவதுதான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது நெருப்பாக வீசும். வயலும் முற்றமும் காய்ந்து போகும். சிரோக்கோவைச் சிசிலியின் கச்சான் என்று சொன்னால் பிழையில்லை. பலெர்மோவின் பழைய பணக்காரர் சிலர் இந்தக் காற்றுக்குத் தப்ப நிலத்துக்கு அடியில் குளிர்ந்த அறைகள் வெட்டி வைத்திருந்தார்கள். சிரோக்கோ அறை என்றே அதற்குப் பெயர். நிலத்தடி நீர் ஓடும் வாய்க்காலோடு சேர்த்து வெட்டியபடியால் அங்கே குளிர்ச்சி இருந்தது. இன்றும் சிலவற்றைப் பார்க்கலாம்.

சிரோக்கோவோடு சில நேரம் செம்மண் தூசியும் வரும். அந்த நேரம் மழை பெய்தால் கார்க் கண்ணாடி, கயிற்றில் போட்ட வெள்ளைச் சேலை எல்லாம் செந்நிறப் புள்ளியாகிவிடும். 1901 மார்ச்சில் வந்த தூசி பெரிய பெயர் பெற்றது. சகாராவில் கிளம்பிய அந்தத் தூசி சிசிலியில் விழுந்து, பிறகு ஜேர்மனி, டென்மார்க் வரைக்கும் போனது. பல நாடுகளில் அன்றன்று எழுதி வைத்த குறிப்புகளை ஒன்றாக அடுக்கித்தான் அது எந்த வழியாகப் போனது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

தூசி நாளில் தொய்வு வருத்தம் உள்ளவர்களும், சின்னப் பிள்ளைகளும், வயது போனவர்களும் வெளியில் அதிகம் திரியாமல் இருப்பது நல்லது. யன்னலை மூடி வையுங்கள். உடுப்புத் தோய்ப்பதை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள்.

ஆனால் அடுத்த நாள் எப்படி இருக்கும்? இதுதான் அக்காவைப் பிடித்த சிக்கல். வசந்த காலச் சிரோக்கோ பெரும்பாலும் மேற்கில் இருந்து வரும் ஒரு தாழமுக்கத்துக்கு முன்னால் வீசுவது. தாழமுக்கம் கடந்ததும் காற்றுத் திசை மாறும். வடமேற்கில் இருந்து மாயெஸ்த்ராலே என்ற காற்று கடலைத் தாண்டி வரும். மழை, சில நேரம் ஆலங்கட்டி, பிறகு குளிர். சில மணித்தியாலத்தில் 10 பாகைக்கு மேல் இறங்கிவிடும். மத்தியானம் அரைக்கைச் சட்டையோடு வேலைக்குப் போனவர் இரவு பேருந்துத் தரிப்பிடத்தில் நடுங்கி நிற்பது இதனால்தான். ஆகவே சிரோக்கோ வீசுகிறது என்றால் அதை வெக்கை என்று மட்டும் எடுக்க வேண்டாம். அது ஓர் அறிவிப்பு. அன்றைக்கே பையில் ஒரு குளிர்ச் சட்டையும் குடையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை வடக்கில் இருந்து த்ரமொந்தானா வீசும் நாள். எங்கள் வாடைக்காற்றின் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குளிர் பல மடங்கு. வானம் கண்ணாடி போலத் துலக்கமாக இருக்கும். தூர மலைகளில் பனி தெரியும். வெயிலைப் பார்த்து ஏமாறக்கூடாத நாள் இது.

ஆக, காலையில் எழுந்ததும் வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன் காற்றின் திசையைப் பாருங்கள். எந்த உடுப்பு என்ற கேள்விக்குப் பாதி மறுமொழி அதிலேயே இருக்கிறது.

கைத்தொலைபேசியில் எல்லாம் வருகிறதே, பிறகு எதற்கு நாங்கள் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தொலைபேசி காட்டுவது பெரும்பாலும் ஒரு பரந்த பகுதிக்குக் கணினி போட்ட கணக்கு. சில நேரம் விமான நிலையத்தின் அளவீடு. விமான நிலையம் நகரத்திலிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே அடிக்கும் காற்று வேறு, உங்கள் தெருவில் அடிக்கும் காற்று வேறு. முன்னறிவிப்பைக் கட்டாயம் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் மதியுங்கள். ஆனால் உங்கள் தெருவில் நேற்று உண்மையில் எவ்வளவு மழை பெய்தது என்பதை நீங்கள் அளந்தால்தான் தெரியும்.

நேயர்களே, இதுவரை சொன்னது உடுப்பையும் குடையையும் பற்றி. இனிச் சொல்லப் போவது தண்ணீரைப் பற்றி. நாள்தோறும் எழுதி வைக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு உண்மையான காரணம் இதுதான்.

எங்கள் ஆட்கள், சைவர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடு இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறிப் போவது இந்த நகரமே அறிந்த விடயம். அங்கே சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலில் மேலே அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். பாறையில் இருந்து சொட்டும் தண்ணீர் ஆட்கள் மேல் விழாமல் உலோகப் பீலிகள் வைத்து ஓரமாகக் கொண்டுபோகிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழை பாறையின் வெடிப்புகளால் இறங்கி, மெல்ல மெல்லக் கீழே கசிகிறது.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது பழகிய கதை. எங்களுக்கும் ஆறு இல்லை. நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மாரி மழை அந்தக் கல்லுக்குள் இறங்கித்தான் சித்திரை வெயிலில் கிணற்றில் நிற்கிறது. மாரி பிழைத்தால் கோடையில் கிணறு உவர்க்கும். வீட்டில் வயது போனவர்கள் கார்த்திகையிலேயே கிணற்றை எட்டிப் பார்த்து "இந்தமுறை காணாது" என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

பலெர்மோவிலும் அதே சங்கதிதான், மாதம் மட்டும் வேறு. இங்கே மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் மார்ச் வரை பெய்கிறது. யூன், யூலையில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. அதிலும் மொத்த மழை யாழ்ப்பாணத்து மழையில் ஏறத்தாழப் பாதிதான். நகரத்துக்குத் தண்ணீர் கொடுப்பவற்றில் பியானா தெலி அல்பானேசி, ஸ்கன்சானோ, ரோசமரீனா, போமா என்ற நீர்த்தேக்கங்கள் முக்கியமானவை. பெப்ரவரி, மார்ச் மழைதான் அவற்றை நிரப்பும் கடைசி வாய்ப்பு. ஏப்ரல் போனால் பிறகு செலவுதான், வரவு இல்லை.

2024இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்திய மாரிக்காலத்தில் மழை குறைந்தது. மே மாதம் இத்தாலிய அரசாங்கம் சிசிலிக்கு வறட்சி அவசரகாலத்தை அறிவித்தது. கோடையில் எனா நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள பெர்குசா ஏரி கிட்டத்தட்ட முழுதாக வற்றியது. ஒக்டோபரில் பலெர்மோவின் சில பகுதிகளில் முறை வைத்துத் தண்ணீரை நிறுத்தத் தொடங்கினார்கள்.

நான் அப்போது மழை எழுதத் தொடங்கி அதிக காலம் இல்லை. அந்த வருட மாசி, பங்குனிப் பக்கங்களில் மழைக் கட்டத்தில் பூச்சியமும் ஒற்றை இலக்கமுமே கூடுதலாக இருந்தன. இன்றைக்கும் வெயில், நல்லது, உடுப்புக் காயும் என்று எழுதிவிட்டுக் கொப்பியை மூடி வைத்தவன் நான். கூட்டிப் பார்க்கவில்லை. எங்கள் கட்டடத்தின் மேல்மாடித் தண்ணீர்த் தாங்கி பழையது, சிறியது. நீர் வரத்துக் குறைந்த நாட்களில் அது மத்தியானத்தோடு முடிந்துவிடும். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் வயது போன அம்மா ஒருவருக்கு நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் கீழேயிருந்து கலன்களில் தண்ணீர் தூக்கிக் கொடுத்தோம். ஒரு நாள் அவர் கேட்டார்: "தம்பி, நீ நாளாந்தம் எழுதிறாய் எண்டு சொன்னாங்கள். இது வரும் எண்டு உனக்குத் தெரியாதோ?" எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு கொப்பியை எடுத்து அந்த இரண்டு மாதத்தையும் கூட்டினேன். எல்லாம் அங்கேதான் இருந்தது. முன்பே கூட்டியிருந்தால் நான் மழையைக் கொண்டு வந்திருக்க முடியாது. ஆனால் அந்த அம்மாவுக்குக் கோடை தொடங்கும் முன்பே ஒரு பெரிய தாங்கி வைக்க ஒழுங்கு செய்திருக்கலாம். கட்டடத்தில் எல்லோரும் சேர்ந்து பேசியிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மார்ச் 31ஆம் திகதி மாலை உட்கார்ந்து இரண்டு மாத மழையையும் கூட்டி, முந்திய வருடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். குறைவு என்றால் கட்டடத்தில் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். ஊரில் கிணற்றை எட்டிப் பார்த்த வேலைதான் இது.

மழை கூடினாலும் கவனம் வேண்டும். 1931 பெப்ரவரி 21 தொடக்கம் 23 வரை பெய்த பெருமழையில் பலெர்மோவின் பள்ளமான தெருக்கள் மூழ்கின. இந்த நகரத்துக்குக் கீழே கெமோனியா, பாப்பிரேத்தோ என்ற இரண்டு பழைய ஆறுகள் மூடப்பட்டுக் கிடக்கின்றன. பெருமழையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிப் போகும். 2020 யூலை 15, சாந்தா ரொசாலியா திருநாள் அன்று, கோடையின் நடுவில் சில மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. பெருந்தெருவின் சுரங்கப் பாதைகளில் கார்கள் மிதந்தன. ஆட்கள் காரை விட்டு நீந்தி வெளியே வந்தார்கள். கடும் மழையில் சுரங்கப் பாதைக்குள் இறங்க வேண்டாம். நிலத்துக்குக் கீழே உள்ள அறைகளில் படுப்பவர்கள் மேலே வந்துவிட வேண்டும்.

சரி, எழுதத் தொடங்குவது எப்படி? செலவு அதிகம் இல்லை. ஒரு கொப்பி, ஒரு வெப்பமானி, ஓர் அடிமட்டம், ஒரு பால்மா பேணி. இவ்வளவும் போதும்.

பேணி அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக, நேரான சுவரோடு இருக்க வேண்டும். மொட்டைமாடியிலோ, மேலே கூரை இல்லாத பல்கனி விளிம்பிலோ, காற்றுக்கு விழாதபடி கட்டி வையுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்து எழுதிவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். 1 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 லீற்றர் தண்ணீர் விழுந்தது என்று கணக்கு. மழை இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுத மறக்க வேண்டாம். வெறும் கட்டம் என்றால் மழை இல்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று பிறகு தெரியாது.

வெப்பமானியை வடக்குப் பார்த்த பக்கத்தில், நேர் வெயில் படாமல், சுவரில் ஒட்டாமல் தொங்கவிடுங்கள். குளிரூட்டியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. காற்றின் திசைக்குக் கயிற்றில் காயும் உடுப்பு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கலாம். பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருக்களில் காற்றுச் சுழலும், அங்கே உடுப்பை நம்ப முடியாது. கூரைக்கு மேலே உள்ள கொடியையோ, முகில் போகும் திசையையோ பாருங்கள். மார்ச் 18ஆம் திகதி இரவு, சூசையப்பர் திருநாளுக்கு முதல்நாள், பழைய பகுதிகளில் விறகு குவித்து நெருப்பு மூட்டுவார்கள். அந்தப் புகை நல்ல காற்றாடி.

பெல்லெக்ரீனோ மலையின் உச்சியையும் ஒருதரம் பாருங்கள். முகில் தொப்பி போட்டிருந்தால் எழுதுங்கள். எந்தக் காற்றில் தொப்பி போடுகிறது, அதற்குப் பிறகு என்ன வருகிறது என்று சில மாதத்தில் நீங்களே கண்டுபிடிப்பீர்கள். கடைசியாக ஒரு கட்டம் விசேட குறிப்புக்கு: தூசி, ஆலங்கட்டி, இடி, வாதுமை பூத்த நாள், குழாயில் தண்ணீர் வராத நாள்.

ஒரு சிறிய எச்சரிக்கை. மார்ச் கடைசி ஞாயிறு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். சூரியனுக்கு அது தெரியாது. அதுவரை காலை 7 மணிக்குப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு 8 மணிக்குப் பாருங்கள். இல்லாவிட்டால் ஏப்ரல் முழுவதும் காலை வெப்பம் குறைந்தது போல உங்கள் கொப்பி பொய் சொல்லும்.

இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். அவர்கள் இத்தாலிய மொழியில் படிக்கிறார்கள், காற்றின் பெயரெல்லாம் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பார்கள். நீங்கள் அவர்களுக்கு வாடை, தென்றல், சோளகம், கச்சான், கொண்டல் என்று எங்கள் காற்றுகளின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். கொப்பியில் இரண்டு பெயரையும் எழுதட்டும்.

சந்தையில் கேட்ட அக்காவுக்கு இப்போது என் மறுமொழி. அக்கா, காலையில யன்னலைத் திறந்து காற்று மலைப் பக்கமிருந்து சூடா வருதோ, கடல் பக்கமிருந்து குளிரா வருதோ எண்டு பாருங்கோ. சூடா வந்தால் மெல்லிய உடுப்புப் போடுங்கோ, ஆனால் குளிர்ச் சட்டையைப் பைக்குள்ள வையுங்கோ. பிறகு அதைக் கொப்பியில ஒரு வரி எழுதிப் போட்டு வேலைக்குப் போங்கோ. பங்குனி முடிய அந்த வரிகளைக் கூட்டிப் பாருங்கோ. மழை காணாது எண்டு கண்டால் எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.

நேயர்களில் யாராவது ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால், உங்கள் தெருவின் பெப்ரவரி, மார்ச் மழைக் கூட்டலை நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு தெருவாக அடுக்கி, ஏப்ரல் மாதப் பேச்சில் வாசிக்கிறேன்.